வேளை தவறும் மருந்து: ஆரணி வட்டாரத்துத் தொழிலாளர் வீடுகளில் நாள்பட்ட நோயுற்ற நாயின் பராமரிப்பு

ஒருமுறை மருந்து கொடுத்துத் தீர்த்துவிட முடியாததும், நாள்தோறும் கவனித்துவந்தால் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ உயிரைப் பெரிய துன்பமின்றிக் காத்துவர இடந்தருவதுமான நோயையே நாள்பட்ட நோய் என்று மருத்துவம் குறிப்பிடுகிறது. நாய்களுக்கு வரும் சிறுநீரகச் செயலிழப்பு, நீரிழிவு, வலிப்பு, இதய வால்வுத் தளர்ச்சி, உண்ணிக் காய்ச்சலின் முற்றிய நிலை ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கான அடிப்படை மருந்துகளுள் பல, தனித்தனியே எடுத்துப் பார்த்தால், கூலிக் குடும்பத்துக்கு எட்டாத விலையுடையவை அல்ல. அவற்றை அளவு மாறாமலும் வேளை தவறாமலும் தொடர்ந்து கொடுப்பதற்கு வேண்டிய ஏற்பாடுதான் எட்டாமற்போகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில், ஆரணியையும் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையையும் சுற்றி வாழும் குடும்பங்களின் வாழ்நிலையை முன்வைத்து இதனை ஆராயலாம்.

இங்கே குறிக்கப்படும் ஆரணி, பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி அன்று. பொன்னேரி வட்டத்தில் ஆரணியாற்றை ஒட்டி அமைந்த பேரூராட்சி ஆகும். ஆந்திரத்துப் பிச்சாட்டூர் நீர்த்தேக்கத்தைக் கடந்து, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் வழியாக வரும் அந்த ஆறு, பொன்னேரியைத் தாண்டிப் பழவேற்காட்டுப் பக்கம் கடலை நோக்கிச் செல்கிறது. ஆற்றுப் படுகையில் நெல்லும் காய்கறியும் விளைய, கிழக்கே தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் இரும்பு, வேதிப்பொருள் ஆலைகளும், வடமேற்கே தேர்வாய் கண்டிகையின் டயர் ஆலை உள்ளிட்ட புதிய ஆலைகளும் இயங்குகின்றன. ஆகவே ஒரே வீட்டில் ஒருவர் வயலிலும் மற்றொருவர் ஒப்பந்தத் தொழிலாளராக ஆலையிலும் வேலை செய்வது இப்பகுதியில் இயல்பு. தகரக் கூரையோ கல்நார்க் கூரையோ போட்ட லைன் வீடுகளில் உள்ளூர்க் குடும்பங்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் அடுத்தடுத்து வாழ, வாசலில் ஒன்றிரண்டு நாய்கள் கிடக்கின்றன. அவற்றுள் சில ஒரே வீட்டுக்கு உரியவை. சில நான்கைந்து வீடுகள் சோறு வைத்து வளர்ப்பவை. இன்னும் சில, வசதியுள்ளவர்கள் விரும்பி வாங்கிப் பின் வைத்துக்கொள்ள முடியாமல் கைமாற்றிவிட்ட லேப்ரடாரும் பொமரேனியனும். கடைசி வகை நாய்கள் பல வேளைகளில் நோயோடுதான் கைமாறுகின்றன என்பதால், சிகிச்சையின் சுமை இருப்பவர் வீட்டிலிருந்து இல்லாதவர் வீட்டுக்கு இறங்கிவிடுகிறது.

அந்த நாய்க்கு அரசு மருத்துவ அமைப்பில் என்ன இடம் இருக்கிறது என்பதை அறிய, அவ்வமைப்பு எதற்காகத் தோன்றியது என்பதைப் பார்க்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியக் கால்நடைகளை வாரிக்கொண்டுபோன வெக்கை நோயை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் 1871-இல் தன் அறிக்கையை அளித்தது. 1889-இல் புனேயில் தொடங்கி 1893-இல் முக்தேசுவருக்கு மாறிய நுண்ணுயிர் ஆய்வுக்கூடமும், 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி 1905-இல் வேப்பேரிக்கு இடம்பெயர்ந்த சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அந்தக் கவலை மேலோங்கியிருந்த காலத்தில் உருவானவை. உழவு மாடும் கறவை மாடும் மடிந்தால் வரியும் உணவும் சேர்ந்து மடியும் என்ற கணக்கு அதில் இருந்தது. அக்கணக்கு பலனளித்தது என்பதையும் மறுக்க இயலாது. உலகமே 2011-இல் வெக்கை நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது. ஊர்மக்கள் இன்றளவும் மாட்டாஸ்பத்திரி என்றே அழைக்கும் கால்நடை மருந்தகத்தின் மருந்து இருப்பும், பணியாளர் எண்ணிக்கையும், மருத்துவரின் அன்றாட வேலையும் அந்த வரலாற்றின் தடத்திலேயே செல்கின்றன. கோமாரித் தடுப்பூசி, செயற்கை முறைக் கருவூட்டல், ஆட்டுக்குக் குடற்புழு நீக்கம் ஆகியவற்றுக்கு அங்கே ஆண்டுத் திட்டம் உண்டு. நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும், புண்ணுக்குக் கட்டுப்போடுவதும், காய்ச்சலுக்கு ஊசி போடுவதும் உண்டு. சிறுநீரகம் பழுதடைந்த நாயை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பதற்கான பதிவேடோ, இரத்தப் பரிசோதனை வசதியோ, மருந்து ஒதுக்கீடோ அந்த மருந்தகத்துக்கு வழங்கப்படவில்லை. இது அங்குள்ள மருத்துவரின் குறை என்று கொள்வது அநீதி. ஊரெல்லாம் மாடு பார்த்துத் திரும்பி வந்து நாயையும் முகம் சுளிக்காமல் பார்க்கும் மருத்துவர்களாலேயே இவ்வளவாவது நடக்கிறது.

அதே வீட்டில் மனிதருக்கு நாள்பட்ட நோய் வந்தால் நிலைமை வேறு. மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேற்படாத ஆலைத் தொழிலாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் ஈ.எஸ்.ஐ. மருத்துவம் உண்டு; 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. அந்தத் திட்டம் அடையாளம் கண்ட உண்மை மிக எளியது: நாள்பட்ட நோயாளி மருந்தை விட்டுவிடுவதற்குப் பெரும்பாலும் அலட்சியம் காரணமாக இருப்பதில்லை, ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்தேறி, வரிசையில் நின்று மாத்திரை வாங்க வேண்டியிருப்பதே காரணம். பாட்டிக்குப் பொருந்தும் இவ்வுண்மை அவர் காலடியில் படுத்திருக்கும் நாய்க்கும் அப்படியே பொருந்துகிறது.

தொடர்ச்சி அறுந்தால் செலவு எப்படிப் பெருகுகிறது என்பதற்கு உண்ணிக் காய்ச்சலைவிடத் தெளிவான சான்று இல்லை. எர்லிக்கியா கேனிஸ் என்னும் நுண்ணுயிரி, பழுப்பு நாய் உண்ணியின் கடி வழியாக இரத்தத்தில் புகுந்து வெள்ளணுக்களுக்குள் தங்குகிறது. தென்னிந்தியாவில் இந்நோய் புதியது அன்று. 1944-லேயே முதலியார் என்ற ஆய்வாளர் இதனைப் பதிவுசெய்திருக்கிறார். பின்னர் வியட்நாம் போரில் அமெரிக்க இராணுவ நாய்கள் பெரும் எண்ணிக்கையில் இரத்தம் வடிந்து இறந்தபோதுதான் உலகம் இதனைக் கூர்ந்து கவனித்தது. தொற்றிய இரண்டு முதல் நான்கு வாரங்களில் காய்ச்சல், சோர்வு, பசியின்மை தோன்றி, பல நாய்களில் தாமாகவே தணிந்தும் விடுகின்றன. வீட்டார் நாய் தேறிவிட்டது என்று நிம்மதி அடைகின்றனர். ஆனால் கிருமி மண்ணீரலில் ஒதுங்கி மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் வெளித்தெரியாமல் இருந்து, இறுதியில் எலும்பு மச்சையை வற்றச்செய்யும்போது இரத்தத் தட்டணுக்கள் குறைந்து மூக்கில் குருதி வடிகிறது, சிறுநீரகமும் பழுதடையலாம்.

தொடக்க நிலையில் இதற்கான மருந்து டாக்சிசைக்ளின். ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவில் 28 நாள் கொடுக்க வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட முறை. 15 கிலோ எடையுள்ள நாட்டு நாய்க்கு நாளொன்றுக்கு 150 மில்லிகிராம், அதாவது மனிதருக்கு விற்கும் 100 மில்லிகிராம் மாத்திரையில் ஒன்றரை. 28 நாளுக்கு 42 மாத்திரை. ஒரு மாத்திரை சில ரூபாயே என்பதால் முழுச் சிகிச்சையும் சில நூறு ரூபாயில் அடங்கிவிடும். நடைமுறையிலோ ஐந்தாம் நாளில் நாய் வாலாட்டிச் சோறு தின்னத் தொடங்கியதும் மருந்து நிற்கிறது, அல்லது மாதக் கடைசியில் கையிருப்புத் தீர்ந்து நிற்கிறது. ஓராண்டு கழித்து அதே நாய்க்கு இரத்தம் ஏற்றவும் சிறுநீரகச் சிகிச்சைக்கும் ஆகும் செலவு, விட்டுப்போன அந்த மாத்திரைகளின் விலையைப்போலப் பல மடங்கு. உண்ணியை ஒழிக்காமல் மருந்து மட்டும் கொடுப்பதும் பாதி வேலையே. பழுப்பு நாய் உண்ணி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை நாயின் உடலில் கழிப்பதில்லை. நிரம்பக் குருதி குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் வாசற்படி இடுக்கிலும் ஆயிரக்கணக்கான முட்டைகளை இடுகிறது. பூச்சுப் பெயர்ந்த லைன் வீட்டுச் சுவர் அதற்கு ஏற்ற இடம். பக்கத்து வீட்டு நாய்க்கும் சேர்த்து மருந்தடித்து, வெடிப்புகளைச் சுண்ணாம்போ சிமெண்டோ வைத்து அடைத்தால்தான் பயன் கிடைக்கும் என்பதால், இது ஒரு வீட்டின் செலவாக இல்லாமல் ஒரு வரிசையின் பொதுக்காரியம் ஆகிவிடுகிறது.

சிறுநீரக நோய் இன்னும் நீண்ட கவனிப்பைக் கேட்பது. சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்குழல்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு செயலிழந்த பிறகே இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு தெளிவாக உயர்கிறது என்பதால், கண்டறியும்போதே நோய் பாதி வழியைக் கடந்திருக்கிறது. பன்னாட்டுச் சிறுநீரக ஆர்வலர் குழு வகுத்த நான்கு நிலைகளில், கிரியேட்டினின் ஒரு டெசிலிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டினால் அது நான்காம் நிலை. இரண்டாம், மூன்றாம் நிலைகளில் நாய் நன்றாகவே வாழ முடியும். அதற்கு வேண்டியவை பாஸ்பரஸ் குறைந்த உணவு, எப்போதும் தண்ணீர், சிறுநீரில் புரதம் கசிந்தால் எனலாப்ரில் போன்ற மாத்திரை, ஆண்டில் சில முறை இரத்தப் பரிசோதனை. கடைகளில் விற்கும் சிறுநீரக நோய்க்கான தனி உணவு கூலி வீட்டுக்கு எட்டாது. பொதியிட்ட நாய் உணவின்மீது 18 விழுக்காடு சரக்கு சேவை வரியும் உண்டு. ஆனால் குழைய வேகவைத்த சோறு, முட்டையின் வெள்ளைக்கரு, சிறிது எண்ணெய், வேகவைத்த சுரைக்காய் அல்லது பூசணி ஆகியவற்றைக் கொண்டு மருத்துவரின் ஆலோசனையுடன் வீட்டிலேயே ஓரளவு ஈடுகட்ட இயலும். முட்டை வெள்ளையில் புரதம் நிறைந்தும் பாஸ்பரஸ் குறைந்தும் இருப்பதே அதன் சிறப்பு. பழவேற்காட்டை அடுத்த இப்பகுதியில் நாய்க்குப் பாசத்தோடு போடப்படும் கருவாட்டுத் துண்டும் மீன் தலையும் எலும்பும் உப்பும் பாஸ்பரசும் மிகுந்தவை என்பதால், அவற்றை நிறுத்துவது காசு செலவில்லாத முதல் சிகிச்சை. செய்வதற்கு மிகக் கடினமானதும் அதுவே, ஏனெனில் வெறும் சோற்றைக் கண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் நோய்ப்பட்ட நாய்க்கு முன்னால் எந்த வீட்டுப் பெண்மணியும் நீண்ட நேரம் உறுதியாக நிற்க முடிவதில்லை.

நோய் முற்றும்போது நீர்ச்சத்து குறைவதைத் தடுக்கத் தோலுக்கடியில் திரவம் ஏற்றப்படுகிறது. மருத்துவர் ஒருமுறை கற்றுக்கொடுத்து அளவும் குறித்துக்கொடுத்தால் வீட்டாரே செய்யக்கூடிய வேலை இது. ரிங்கர் லாக்டேட் பாட்டிலைச் சிறிது நேரம் வெதுவெதுப்பான நீரில் வைத்து எடுத்து, சன்னல் கம்பியில் தொங்கவிட்டு, டிரிப் குழாயில் காற்றுக் குமிழி இல்லாதபடி சிறிது திரவத்தை வடியவிட்ட பின், நாயின் இரு தோள்களுக்கும் நடுவிலுள்ள தளர்ந்த தோலைக் கூடாரம்போல் விரல்களால் தூக்கி, அதன் அடிவாரத்தில் புது ஊசியைச் செலுத்த வேண்டும். சரியான இடத்தில் இறங்கினால் திரவம் தடையின்றி ஓடி, தோலுக்கடியில் எலுமிச்சை அளவில் தொடங்கி உள்ளங்கை அளவு வரை மெத்தென்று புடைக்கும். சில மணி நேரத்தில் அது முன்கால் பக்கம் சரிந்து உடலில் கலந்துவிடும். இந்தப் புடைப்பைக் கண்டு அஞ்சி முதல் நாளே கைவிடுகிறவர்கள் பலர் என்பதால், அது இயல்பானதே என்று முன்கூட்டிச் சொல்லிவைப்பது மருத்துவரின் கடமையாகிறது. இதயம் பலவீனமான நாய்க்கு இது ஆபத்து என்பதையும், ஊசியை மறுமுறை பயன்படுத்தினால் சீழ் பிடிக்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மருத்துவமனைக்கு நாள்தோறும் தூக்கிச் சென்று ஏற்றுவதற்கும் வீட்டில் ஏற்றுவதற்கும் உள்ள செலவு வேறுபாட்டில் பெரும்பங்கு வண்டி வாடகையும் இழந்த கூலியுமே.

நீரிழிவும் வலிப்பும் தொழிற்பேட்டை வாழ்க்கையோடு நேருக்கு நேர் மோதுகின்றன. நாய்க்கு வரும் நீரிழிவு பெரும்பாலும் கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும் வகையைச் சேர்ந்தது என்பதால் மாத்திரையால் பயனில்லை. 12 மணி நேரத்துக்கு ஒருமுறை, உணவோடு சேர்த்து, இன்சுலின் ஊசி போட வேண்டும். இன்சுலின் என்ற மருந்தே நாய்களால் கிடைத்தது: 1889-இல் வான் மேரிங்கும் மின்கோவ்ஸ்கியும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோதுதான் நீரிழிவின் இருப்பிடம் தெரிந்தது; 1921-இல் டொராண்டோவில் பாண்டிங்கும் பெஸ்டும் கணையச் சாற்றைச் சோதித்ததும் நாய்களிடமே. மனித குலம் பட்ட அந்தக் கடனை எண்ணினால், ஓர் ஏழை வீட்டு நாய்க்கு ஒரு குப்பி இன்சுலின் கிடைக்காமற்போவது வருந்தத்தக்கது. ஆலையில் காலை, மாலை, இரவு என்று வாரந்தோறும் மாறும் ஷிப்டில் வேலை செய்பவருக்கு, காலை ஆறு மணியும் மாலை ஆறு மணியும் எல்லா வாரமும் கைக்குள் இருப்பதில்லை. ஊசியும் உணவும் இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப்போனால் சர்க்கரை ஏறி இறங்குகிறது. ஊசி போட்டுவிட்டு உணவு வைக்க மறந்தாலோ, நாய் உண்ண மறுத்தாலோ, சர்க்கரை அடியோடு சரிந்து நாய் தள்ளாடி விழும். அப்போது ஈறில் சர்க்கரைக் கரைசலையோ தேனையோ தடவிவிட்டு மருத்துவரிடம் ஓட வேண்டும். ஷிப்டில் சிக்காத ஒருவர், பெரும்பாலும் வீட்டிலுள்ள முதியவரோ பள்ளிப் பிள்ளையோ, ஊசியின் பொறுப்பை ஏற்ற வீடுகளில் மட்டுமே இச்சிகிச்சை நிலைக்கிறது.

இன்னொரு நுட்பம் கவனத்துக்குரியது. இந்திய மருந்துக்கடைகளில் மனிதருக்கான இன்சுலின் ஒரு மில்லிலிட்டருக்கு 40 அலகு கொண்ட குப்பியாகவும் 100 அலகு கொண்டதாகவும் கிடைக்கிறது. இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. 40 அலகுக்குரிய சிரிஞ்சில் 100 அலகு மருந்தை அதே கோட்டளவுக்கு இழுத்தால் நாயின் உடலில் இரண்டரை மடங்கு மருந்து இறங்கிவிடும். சிவப்பு மூடிக்கும் ஆரஞ்சு மூடிக்கும் உள்ள வேறுபாட்டைக் காட்டிப் புரியவைக்க இரண்டு நிமிடம் போதும். குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டில் ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் குப்பியை வைப்பது, நேரடி வெயிலிலும் தகரக் கூரையின் அனலிலும் வைப்பதைவிடப் பலமடங்கு பாதுகாப்பானது. கருத்தடை செய்யப்படாத பெண் நாய்களில், சினைப்பருவத்தை அடுத்துச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் இன்சுலினின் செயலைத் தடுப்பதால், கருப்பையும் சூற்பையும் நீக்கும் அறுவை சிகிச்சையே சிகிச்சையின் ஒரு பகுதியாகிறது.

வலிப்புக்கு ஃபீனோபார்பிடோன் 1912 முதல் பயன்பாட்டில் உள்ள மலிவான மருந்து; நாய்க்கும் அதுவே முதல் மருந்து. ஒரு கிலோவுக்கு இரண்டு முதல் மூன்று மில்லிகிராம் வீதம் நாளுக்கு இருவேளை என்று தொடங்கி, மருத்துவர் அதனைக் கூட்டவோ குறைக்கவோ செய்வார். இம்மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் பழைய நிலைக்குத் திரும்புவதோடு முடிவதில்லை. இடைவிடாத வலிப்பு எழுந்து நாய் உயிரிழக்கவும் கூடும். ஊதியம் மாதத்தின் ஏழாம் தேதியை ஒட்டியே கைக்கு வரும் வீட்டில், முதல் வாரத்தின் வறட்சியில் தீர்ந்துபோகும் பத்து மாத்திரைகளே இவ்வாறான இறப்புக்குப் போதுமானவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் மருந்துக்கடைக்காரர் இதைக் கொடுக்கவும் கூடாது. ஆகவே சம்பளம் வந்த அன்றே அடுத்த மாதத்துக்கும் பத்து நாளுக்கும் சேர்த்து மருந்து வாங்கிவைக்கும்படி, நாளும் அளவும் தெளிவாக எழுதிய சீட்டை மருத்துவர் கொடுப்பது, மருந்தைக் கொடுப்பதற்கு நிகரான சிகிச்சை.

மேலே கூறிய மருந்துகளுள் பல மனிதருக்கும் உரியவை என்பது இவ்வீடுகளுக்கு ஒரு பெரும் வாய்ப்பு. டாக்சிசைக்ளின், எனலாப்ரில், அம்லோடிபின், ஃபுரோசமைடு, பிரெட்னிசலோன் போன்றவற்றைக் கால்நடை மருத்துவர் பொதுப்பெயரில் எழுதித் தந்தால், மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரி 24 அன்று தொடங்கப்பட்ட தமிழ்நாட்டு முதல்வர் மருந்தகங்களிலும், வணிகப்பெயரில் வாங்குவதைவிடக் குறைந்த விலையில் கிடைப்பவற்றைப் பயன்படுத்திக்கொள்ள முடியும். ஆனால் இதே வாய்ப்பு கேட்டறியாமல் கையாளப்படும்போது உயிரைப் பறிக்கிறது. வீட்டுப் பெட்டியிலுள்ள பாராசிட்டமால், ஐபுபுரோபென், டைக்ளோஃபினாக் ஆகியவை நாயின் ஈரலையும் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் அழிக்கக்கூடியவை. இருமல் மருந்து, பற்பசை போன்றவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கப்படும் சைலிட்டால் நாயின் சர்க்கரையை அபாய அளவுக்குச் சரிக்கும். மாட்டுக்கு வாங்கிய ஐவர்மெக்டின் ஊசியை உண்ணிக்காக நாய்க்குக் கணக்கின்றிப் போடும் பழக்கமும் கண்டிக்கத்தக்கது. வலியில் முனகும் நாய்க்கு அரை மாத்திரை கொடுக்கும் கை அன்பினால்தான் கொடுக்கிறது. அந்த அன்பைத் தடுத்து வழிகாட்டத் தொலைபேசியில் ஒரு குரல் இருந்தால் பல நாய்கள் பிழைத்திருக்கும்.

உயர்சிகிச்சைக்குச் சென்னைதான் வழி. வேப்பேரிக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் நாய்களுக்கான இரத்தச் சுத்திகரிப்பு வசதியும் விலங்குகளுக்கான இரத்த வங்கியும் உண்டு; 1989-இல் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் மாதவரம் வளாகமும் இப்பகுதிக்குச் சற்று அருகில் இருக்கிறது. தனியார் மருத்துவமனைகளோடு ஒப்பிட அங்கே கட்டணம் மிகக் குறைவு. ஆனால் ஆரணியிலிருந்து வேப்பேரி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். பேருந்திலும் புறநகர் ரயிலின் பொதுப் பெட்டியிலும் பெரிய நாயை ஏற்ற வழியில்லாததால், ஆட்டோவோ சின்ன யானை என்று ஊரார் அழைக்கும் சிறு சரக்கு வண்டியோ வாடகைக்குப் பிடிக்க வேண்டியிருக்கிறது. போகவர வாடகை, வண்டிக்காரரின் காத்திருப்புக் கூலி, உடன் செல்லும் இருவரின் ஒரு நாள் ஊதியம் ஆகியவை சேர்ந்தால், குறைந்த கட்டண மருத்துவம் என்ற சொல் பொருளிழந்துவிடுகிறது. மாநில அரசின் 1962 என்ற அழைப்பு எண்ணுக்கு வரும் கால்நடை மருத்துவ ஊர்தி பெரும் உதவி. எனினும் அதன் முதன்மைப் பணி எழுந்திருக்க முடியாத மாட்டுக்கும் ஈனமுடியாத ஆட்டுக்கும் விரைவது. நாய்களுக்கான காப்பீட்டுத் திட்டங்கள் இந்தியாவில் இருந்தாலும், வயது வரம்பு வைத்தும் ஏற்கெனவே உள்ள நோயை விலக்கியும் எழுதப்படுவதால், நோய் வந்த பின் அவற்றை நாடுவதில் பயன் இல்லை.

இந்த இக்கட்டு வளர்ந்த நாடுகளிலும் உண்டு. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட கூட்டமைப்பு 2018-இல் வெளியிட்ட ஆய்வில், செல்லப்பிராணி வளர்க்கும் குடும்பங்களில் ஏறத்தாழ 28 விழுக்காடு, முந்தைய இரண்டு ஆண்டுகளில் தேவையான மருத்துவத்தைப் பெற முடியாமல் இருந்ததும், அதற்குப் பணமே முதற்காரணம் என்பதும் தெரியவந்தன. இலண்டனின் கிழக்குப் பகுதிச் சேரியில் மரியா டிக்கின் என்ற பெண்மணி 1917-இலேயே ஏழைகளின் நோயுற்ற விலங்குகளுக்கு இலவச மருந்தகம் திறந்தார்; அந்நிறுவனம் ஒரு நூற்றாண்டு கடந்தும் இயங்குகிறது. அண்மை ஆண்டுகளில் கால்நடை மருத்துவத்தில் வலுப்பெற்றுவரும் ஒரு கருத்தும் இங்கே பொருத்தமானது: ஒவ்வொரு நோய்க்கும் மிக உயர்ந்த சிகிச்சை ஒன்றே சரி, மற்றவை குறை என்று கொள்ளாமல், குடும்பத்தின் கைக்கு ஏற்ப, பயன் நிறுவப்பட்ட பல படிநிலைச் சிகிச்சைகளை மருத்துவர் முன்வைக்க வேண்டும் என்பது அது. எல்லாப் பரிசோதனையும் செய், இல்லையேல் கைவிடு என்ற இரண்டே வழிகளை ஏழைக்குக் காட்டுவது, அவரைக் கைவிடும் வழிக்குத் தள்ளுவதாகவே முடியும்.

பராமரிப்பவரின் மனநிலையும் ஆய்வுக்கு உட்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி பெத் ஸ்பிட்ஸ்னேகலும் குழுவினரும் 2017-இல் 238 பேரிடம் நடத்திய ஆய்வில், நாள்பட்ட நோயுற்ற நாய், பூனைகளைப் பேணுவோரிடம், நலமான விலங்குகளை வளர்ப்போரைவிடச் சுமையுணர்வும் மன அழுத்தமும் மனச்சோர்வும் மிகுதியாக இருந்தன. மறதிநோயுற்ற முதியோரைக் கவனிப்பவர்களுக்காக வகுக்கப்பட்ட அளவுகோலைத் தழுவியே இச்சுமை அளக்கப்பட்டது. வாரத் தவணை கட்டும் வீட்டில் இதற்கு இன்னொரு பாரமும் சேர்கிறது. பிள்ளையின் பள்ளிச் செலவு நிற்கையில் நாய்க்கு ஊசியா என்று கேட்கும் உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. கம்மலை அடகு வைத்து நாய்க்கு மருந்து வாங்கும் பெண் அதனை மறைத்தே செய்ய வேண்டியவளாகிறாள். இவ்வெட்கம் அவள்மேல் சுமத்தப்பட்டதே ஒழிய அவள் தேடிக்கொண்டது அன்று.

சட்டம் கடமையை விதிக்கிறது; துணை எதையும் தரவில்லை. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, விலங்கை வைத்திருப்பவர் அதன் நலத்துக்கு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. பசியாலோ தாகத்தாலோ துன்புறும் நிலையில் அதனைக் கைவிடுவது பதினோராம் பிரிவின்கீழ்க் குற்றம். முதன்முறைக்குத் தண்டம் 10 முதல் 50 ரூபாய். நெடுஞ்சாலை ஓரத்தில் நோயுற்ற நாயை இறக்கிவிட்டுச் செல்பவரை இந்தத் தொகை தடுக்காது என்பது வெளிப்படை. அதே சமயம் தண்டத்தை மட்டும் உயர்த்தினால், மருத்துவம் எட்டாததால் கைவிடுபவரும் மனமில்லாமல் கைவிடுபவரும் ஒரே தட்டில் வைக்கப்படுவர்.

தேறவே முடியாத நிலையில் நாயை வலியின்றி விடுவிப்பதைப் பற்றி இவ்வட்டாரத்தில் வாய்விட்டுப் பேசத் தயங்குவது இயல்பே. உயிரை எடுக்கும் உரிமை தமக்கில்லை என்ற நம்பிக்கை ஆழமானது, மதிக்கத்தக்கது. அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் அலிஸ் வில்லலோபஸ் வகுத்த முறை, இம்முடிவைத் தனியொருவரின் தலையில் சுமத்தாமல் வீட்டார் அனைவரும் சேர்ந்து எண்ணிப்பார்க்க உதவும். வலி, பசி, நீர்ச்சத்து, தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாள்களைவிட நல்ல நாள்கள் மிகுதியா என்ற ஏழு கூறுகளுக்கும் சுழியம் முதல் பத்து வரை மதிப்பெண் இட்டு, கூட்டுத்தொகை 35-க்கு மேல் இருக்கும்வரை வாழ்க்கை தாங்கத்தக்கது என்று அம்முறை கொள்கிறது. மருந்துக்குப் பணமில்லாததால் மதிப்பெண் குறைகிறதா, நோயே முற்றியதால் குறைகிறதா என்று பிரித்தறிவது மருத்துவரின் பொறுப்பு. முன்னதற்கு மருந்துதான் விடை.

2022-23 தமிழ்நாட்டு வரவுசெலவுத் திட்டத்தில், கைவிடப்பட்ட, காயமுற்ற விலங்குகளைத் தொண்டு நிறுவனங்கள் வழியாகப் பேணுவதற்கென வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள் என்ற பெயரில் 20 கோடி ரூபாய் அறிவிக்கப்பட்டது. வள்ளலாரின் அன்னையின் ஊர் பொன்னேரியை அடுத்த சின்னக்காவணம் என்பதால் இவ்வட்டாரத்துக்கு அப்பெயரோடு உறவும் உண்டு. காப்பகம் தேவைதான். ஆனால் காப்பகத்துக்கு வந்துசேரும் நோயுற்ற நாய்களுள் பல, வீட்டில் இருந்தபோதே மாதம் சில நூறு ரூபாய் மருந்து தவறாமல் கிடைத்திருந்தால் அங்கே வந்திருக்க வேண்டியதில்லை. மக்களைத் தேடி மருத்துவம் காட்டிய வழியில், கால்நடை மருந்தகம் ஒவ்வொன்றிலும் நாள்பட்ட நோயுள்ள நாய்களுக்கென ஒரு பதிவேடும், டாக்சிசைக்ளின், ஃபீனோபார்பிடோன், எனலாப்ரில், ஃபுரோசமைடு, இன்சுலின் என்ற ஐந்தாறு மருந்துகளின் இருப்பும், வாரத்தில் ஒரு நாள் இரத்த மாதிரியை மாதவரத்துக்கு அனுப்பும் ஏற்பாடும் போதும். மத்திய அமைச்சரவை 2025 மார்ச்சில் ஒப்புதல் அளித்த மலிவு விலைக் கால்நடை மருந்துத் திட்டத்தின் பட்டியலில் நாய்க்குரிய மருந்துகளையும் சேர்க்கும்படி மாநிலம் வலியுறுத்தலாம். எல்லா மருந்தளவும் எடையைக் கொண்டே கணக்கிடப்படுவதால் மருந்தகத்துக்கு முதலில் வேண்டியது நாய் நிற்கக்கூடிய ஓர் எடை மேடை. அது வரும்வரை, வீட்டார் ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு ஒருமுறையும் தனியாக ஒருமுறையும் எடை பார்த்து, வேறுபாட்டைச் சீட்டின் பின்புறம் தேதியுடன் குறித்துக்கொண்டு போனாலே மருத்துவருக்குக் கணக்குக் கிடைத்துவிடும்.